மேட்டு வீட்டுக்குத் தண்ணீர்

பினாங்கு
19 ஜனவரி 2025

அன்புள்ள சுகிர்தா,

உன் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ இந்நேரம் போர்ட் பிளேயரில் என் கட்டிலில், கொசுவலைக்குள் சுருண்டிருப்பாய். நாம் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனால் உன் தலையணை உறையில் எத்தனை கிளி போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏழு.

நம் கல்லூரிகள் ஐந்து மாதத்துக்கு ஆளுக்கொரு மாணவியை மாற்றிக்கொள்கின்றன, விடுதிக்குப் பதிலாக ஒருத்தி வீட்டில் மற்றவள் தங்கலாம் என்று சொன்னபோது என் அப்பா யோசித்தார். "மதலப், அதாவது, நம்ம பொண்ணு அவங்ககிட்ட, அவங்க பொண்ணு நம்மகிட்ட. அப்போ ரெண்டு பக்கமும் ஒழுங்கா சோறு போடுவாங்க" என்றார். பிணைக்கைதி ஒப்பந்தம் மாதிரி!

போன் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. நேற்று நீ பேசும்போது பின்னாலிருந்து என் அம்மா, "தலைக்கு எண்ணெய் வெச்சாளான்னு கேளு" என்றது எனக்குக் கேட்டது. இந்தப் பக்கம் உன் அம்மா கதவோரம் நின்றிருந்தார். இரண்டு அம்மாக்களை வைத்துக்கொண்டு நாம் என்ன பேச முடியும்? மின்னஞ்சலில் நீளநீளமாக எழுதுவோம்.

என் வீட்டைப் பற்றிச் சில குறிப்புகள். போதும் என்று தமிழில் சொன்னால் என் அம்மா நம்பமாட்டாள். "பேட் பர் கயா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டு. அப்பா எங்கள் சந்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர், அதனால் வாசலில் எப்போதும் யாராவது நிற்பார்கள். குழாய்த் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை, விடியற்காலையில். அன்று தூங்கவிடமாட்டார்கள்.

இங்கே எனக்கு ஒன்று புரியவில்லை. தினமும் சாயங்காலம் மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். உன் அப்பா துடைப்பக் கட்டையால் கூரையை இரண்டு தட்டுத் தட்டுகிறார். "மேலே யாரு அங்கிள்?" என்று கேட்டேன். "தெரியாது லா. பன்னெண்டு வருஷமா இழுக்குது" என்கிறார்.

பன்னிரண்டு வருஷமா!

வைஜெயந்தி


போர்ட் பிளேயர்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள வைஜெயந்தி,

பசியாறிவிட்டேன். இதை முதலில் எழுதச் சொன்னது ஆண்டி, உன் அம்மா.

குட்வில் எஸ்டேட்டில் உங்கள் சந்து எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பதினாலு வீடு. கீழே வங்காளிகள், நடுவில் மலையாளிகளும் நீங்களும், எதிரே கான்ட்ராக்டர் முத்துகிருஷ்ணன் அங்கிளின் மூன்று மாடி வீடு, மேட்டு உச்சியில் தெலுங்குக்காரர் சொர்ணம்மா. வீட்டுக்குள் ஆளுக்கொரு மொழி, வாசலுக்கு வந்தால் எல்லோருக்கும் ஹிந்தி. எனக்குத் தெரிந்த ஹிந்தி முழுவதும் சினிமாவில் கற்றது. நேற்று பால்காரரிடம் பேசினேன். அவரைக் காதலிப்பதாகச் சொல்லிவிட்டேன் போல. ஆண்டி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தம் துறையில் படகு ஏறி அக்கரையிலுள்ள பேம்பூஃப்ளாட் போனோம். படகில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் இறங்குவதற்குள் என் பெயர், படிப்பு, எனக்கு எத்தனை சித்தப்பா என்பதெல்லாம் தெரிந்துகொண்டார். எங்கள் ஃப்ளாட்டில் லிப்டில் வருபவரின் முகத்தைக்கூட நாங்கள் பார்ப்பதில்லை. எண்களைத்தான் பார்ப்போம்.

அங்கிள், உன் அப்பா, வைத்திருக்கும் பலகையைப் பார்த்தேன். விளக்குக் கம்பத்தில் கட்டிய வெள்ளைப் பலகையில் எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று மூன்று மொழியில் எழுதிவைக்கிறார். எல்லோரும் அவரை மதிக்கிறார்கள்.

ஆனால் சொர்ணம்மா வீடு வரை தண்ணீர் ஏறுவதில்லை. அவர் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை செய்கிறார். ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். அதற்குள் ரோட்டுக் குழாயிலிருந்து ஆறு வாளி மேடு ஏற்றுகிறார். இரண்டு வாளி நான் தூக்கினேன். பாதி சிந்திவிட்டது. "அரே பேட்டி, ஆதா பானி ரோட் கோ பிலா தியா?" என்றார். பாதித் தண்ணீரை ரோட்டுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டேனாம்.

ஏன் ஏறுவதில்லை என்று அங்கிளிடம் கேட்டேன். "பிரஷர் கம்மிம்மா" என்றார்.

இன்னொன்று. தண்ணீர் வரும் நாளில் உங்கள் கொல்லைப்பக்கம் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம் கேட்கிறது. ஆண்டியிடம் கேட்டேன், "ஃப்ரிட்ஜ்" என்றார். மற்ற நாளில் அது பாடுவதில்லையே?

சுகிர்தா


பினாங்கு
14 பிப்ரவரி 2025

சுகிர்தா,

உன் மேல்மாடிக்காரரைக் கண்டுபிடித்துவிட்டேன்!

எங்கள் சந்தில் புதுசாக யாராவது வந்தால் ஒரு தட்டில் எதையாவது வைத்து எடுத்துக்கொண்டு போவோம். உன் அம்மா ஃபாக்டரி ஷிப்டுக்குப் போனதும் நான் பணியாரம் சுட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் மேலே போய்க் கதவைத் தட்டினேன். சீன அம்மா ஒருவர், ஓங் ஆண்டி என்று பெயர், சங்கிலியை எடுக்காமலேயே எட்டிப் பார்த்தார். நான் தட்டைக் காட்டினேன். அவருக்கு இடுப்பு முடியாது. ஜன்னலோரம் வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்துகிறார். அவ்வளவுதான் விஷயம். "கீழே யாரோ கூரை ரிப்பேர் பண்ணிக்கிட்டே இருக்காங்களே, முடியவே முடியாதா?" என்று கேட்டார். உன் அப்பாவின் துடைப்பக் கட்டை! திரும்பி வந்து சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மறுநாள் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் வாங்கிக்கொண்டு தானே மேலே போனார்.

சனிக்கிழமை உங்கள் ஃப்ளாட்டில் கோத்தோங் ரோயோங். எல்லோரும் சேர்ந்து சாக்கடை அள்ளி, படிக்கட்டுக் கழுவுகிற நாள். நான் முதலில் போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றேன். பெரிய கம்பெனி மேனேஜர் ஒருவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு சாக்கடையில் இறங்கியதும் வெட்கமாகப் போய்விட்டது. நானும் இறங்கினேன்.

அப்போது கமிட்டியில் இருக்கும் ரொஹானா அக்கா, அத்தனை பேர் நடுவில் உன் அப்பாவிடம், "சுந்தரம், படிக்கட்டுக்குக் கீழே உன் பழைய மோட்டார் சைக்கிள் வழியை அடைக்குது, தீப்பிடிச்சா எப்படி ஓடுறது?" என்றார். எங்கள் சந்தாக இருந்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றிருக்கும். உன் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை உருட்டிப் போனார். பத்து நிமிஷத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் தே தாரிக் டீ குடிக்கிறார்கள்!

வகுப்பில் 'எங்கள் ஊரில் பொதுவான ஒன்று' என்று ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் எங்கள் சந்தின் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். அப்பாவின் பலகை, மூன்று மொழி, பதினாலு வீடும் பங்கிட்டுக்கொள்வது எல்லாம். கைதட்டினார்கள். கல்லூரி இதழுக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் விரிவுரையாளர்.

ஃப்ரிட்ஜ் பழசு. அதை விடு.

வைஜெயந்தி


போர்ட் பிளேயர்
3 மார்ச் 2025

அன்புள்ள வைஜெயந்தி,

இதை மூன்று தடவை எழுதி அழித்தேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை காற்றில் பறந்த துண்டை எடுக்கக் கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், சாக்கு போட்டு மூடி, நீல நிறத்தில் ஒரு மோட்டார். அதன் குழாய் ரோட்டுக் குழாயோடு சேர்ந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஏன் தெரியுமா? எங்கள் ஃப்ளாட்டில் கீழ்த்தளத்து மோட்டார்தான் பதினைந்து மாடிக்கும் தண்ணீர் ஏற்றுகிறது. அங்கிளும் அதுபோலச் சந்துக்காக வாங்கி வைத்திருக்கிறார், மேட்டுக்கு இன்னும் குழாய் இழுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நேற்று மாலை பலகையடியில் சங்கக் கூட்டம். கோடை வருகிறது, தண்ணீர் இனி மூன்று நாளைக்கு ஒருமுறை என்று பேச்சு. அங்கிள் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, "மலேஷியா சே ஆயி ஹை, ஹமாரி பேட்டி. பேட்டி, நீயும் நாலு வார்த்தை பேசும்மா" என்றார். மலேஷியாவிலிருந்து வந்த எங்கள் மகள் என்று அவர் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்:

"அங்கிள் கா மோட்டர் பஹுத் அச்சா ஹை. சொர்ணம்மா ஆண்டி கே கர் தக் பானி தேகா?"

அங்கிளின் மோட்டார் ரொம்ப நல்லது, அது சொர்ணம்மா வீடு வரை தண்ணீர் கொடுக்குமா என்றுதான் கேட்டேன்.

முத்துகிருஷ்ணன் அங்கிள் முதலில் சிரித்தார், பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டார். சொர்ணம்மா உன் அப்பாவைப் பார்த்தார். "பாய் சாப், தீன் சால்" என்றார். அண்ணா, மூன்று வருஷம் என்று. அவ்வளவுதான். காலி வாளியை எடுத்துக்கொண்டு மேடு ஏறிப் போய்விட்டார்.

அந்த மோட்டார் ரோட்டுக் குழாயின் தண்ணீரை உங்கள் தொட்டிக்கு இழுத்துக்கொள்வதால்தான் மேட்டுக்கு ஏறவில்லை என்று அவர் முதுகைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

அங்கிள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆண்டி என்னோடு பேசவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டில் எனக்கு வைத்த மீன் துண்டு வழக்கத்தைவிடப் பெரியதாக இருந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

சுகிர்தா


பினாங்கு
4 மார்ச் 2025

சுகிர்தா,

எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சந்து நடுவில் எங்கள் அப்பாவின் மானத்தை வாங்கிவிட்டாய். அவர் உன்னை மகள் என்று சொல்லித்தானே நிறுத்தினார்? தெரியாமல் பேசினாய், சரி. தெரியாதவள் ஏன் பேச வேண்டும்? முதலில் என் அம்மாவிடம் தனியாகக் கேட்டிருக்கக் கூடாதா?

அம்மா போனில் அழுகிறாள். பதினெட்டு வருஷமாக அந்தச் சந்துக்காக அப்பா அலைந்த அலைச்சல் உனக்குத் தெரியுமா? ரோடு போட்டது, விளக்குப் போட்டது எல்லாம் அவர்தான். நீ மே மாதம் கிளம்பிவிடுவாய். நாங்கள் அங்கேதான் இருக்க வேண்டும்.

வைஜெயந்தி


போர்ட் பிளேயர்
6 மார்ச் 2025

வைஜெயந்தி,

தனியாகக் கேட்டிருக்க வேண்டும். அது என் தவறு. அங்கிளிடமும் ஆண்டியிடமும் மன்னிப்புக் கேட்டேன். அங்கிள் தலையை மட்டும் ஆட்டினார். ஆண்டி, "நீ குழந்தைம்மா, உனக்கு என்ன தெரியும்" என்றார். அது எனக்கு ஆறுதலாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை.

கல்லூரி விடுதியில் ஓர் இடம் இருக்கிறதாம். உங்களுக்குச் சங்கடம் என்றால் போய்விடுகிறேன். எங்கள் வீட்டில் நீ எப்போதும்போல இரு. இதையும் அதையும் முடிச்சுப் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் அப்பா போட்ட ரோட்டில்தான் தினமும் வாளி தூக்குகிறேன். அது நல்ல ரோடு. அவர் கெட்டவர் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோபிக்காமல் பதில் சொல். உனக்குத் தெரியுமா?

சுகிர்தா


பினாங்கு
15 மார்ச் 2025

அன்புள்ள சுகிர்தா,

தெரியும்.

சுவிட்சைப் போட்டதே நான்தான். மூன்று வருஷமாக, தண்ணீர் வரும் நாளெல்லாம் ஐந்து மணிக்கு எழுந்து நான்தான் போடுவேன். சொர்ணம்மா வாளியோடு போவது என் ஜன்னல் வழியாகத் தெரியும். அதனால் தொட்டி நிறையும்வரை ஜன்னலைச் சாத்திவிட்டுப் படிப்பேன். நீ ஃப்ரிட்ஜ் பற்றி எழுதியபோதே அது மோட்டார்தான் என்று எனக்குத் தெரியும். அதை மறைக்கத்தான் உன்மேல் அப்படிச் சீறினேன்.

உன் கேள்வியைப் படித்துவிட்டு மூன்று நாள் கல்லூரி விட்டதும் நேராக உன் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். உன் அம்மா ஷிப்ட் முடிந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சண்டையா?" என்றார். எல்லாம் சொன்னேன். "எம் பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனா மேட்டு வீட்டு அம்மாவுக்குத் தண்ணி வேணும்தானே?" என்றார்.

இதழுக்கு எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். விரிவுரையாளரிடம் இன்னும் ஐந்து நிமிஷம் கேட்டு, வகுப்பில் எழுந்து நின்று, "அன்றைக்கு நான் பாதிதான் சொன்னேன்" என்றேன். பலகை பற்றிச் சொன்னேன், மோட்டாரைச் சொல்லவில்லை. இப்போது அதைச் சொன்னேன், சுவிட்சைப் போட்டது யார் என்பதையும். முடித்ததும் கைதட்டு இல்லை. ஆனால் பின்வரிசையில் ஒரு மலாய்க்காரப் பையன், தன் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வாய்க்காலை வளைத்த மாமாவைப் பற்றிச் சொன்னான். இன்னொருத்தி அவள் அண்ணன் ஊனமுற்றோர் இடத்தில் கார் நிறுத்துவதைச் சொன்னாள். வகுப்பு அரை மணி நேரம் கூடப் போனது. எல்லோர் வீட்டுக் கொல்லையிலும் ஏதோ ஒன்று சாக்கு மூடிக் கிடக்கிறது போல.

நேற்று அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நம்ம வீட்டு விஷயத்தை அங்கேயும் சொல்லிட்டியா?" என்றார்.

"சொன்னேன்பா. சுவிட்ச் போட்டது நான்னும் சொன்னேன்."

"உன்னைப் போடச் சொன்னது நான்தானேம்மா" என்றார். பிறகு, "சாப்டியா?" என்றார்.

ரொஹானா அக்கா சொன்னதும் உன் அப்பா வண்டியை உருட்டிப் போனாரே, அதையும் அவரிடம் சொன்னேன். "அவருக்குக் கோபம் வரலையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

விடுதிக்குப் போகாதே. நான் உன்மேல் கொட்டியதை அள்ள முடியாது. ஆனால் மன்னித்துவிடு. ஓங் ஆண்டி உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். 'கூரை ரிப்பேர்காரர் மகள்' என்றுதான் உனக்குப் பெயர்.

வைஜெயந்தி


போர்ட் பிளேயர்
2 ஏப்ரல் 2025

என் அன்பு வைஜெயந்தி,

விடுதிக்குப் போகவில்லை. போகிறேன் என்று பெட்டியைத் திறந்தேன். ஆண்டி வந்து, என் துணியையெல்லாம் எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினார். "ஒரு பொண்ணை அனுப்பிட்டு ஒரு பொண்ணை வெச்சிருக்கேன். கணக்குக் குறையக் கூடாது" என்றார்.

நீ போன் செய்த மறுநாள் அங்கிள் லீவு போட்டார். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, மோட்டாரைக் கழற்றினார். ஆண்டி, "விடியறதுக்கு முன்னாடி கழட்டியிருக்கலாமே" என்று முணுமுணுத்தார். "மூடி வெச்சது போதும்" என்று சொல்லி, அங்கிள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பலகைக்குக் கீழே வைத்தார். பலகையில் மூன்று மொழியிலும் எழுதினார்: 'இது என் வீட்டு மோட்டார். மூன்று வருஷம் ஓடியது. செயலாளர் பதவியை விடுகிறேன்.' வங்காள மொழியில் எழுத்துப் பிழை இருந்ததாம். கீழ்வீட்டுக்காரர் வந்து திருத்திக் கொடுத்தார். அப்புறம் அங்கிள் மேடு ஏறினார். சொர்ணம்மா வீட்டு வாசலில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. இறங்கி வரும்போது கையில் ஒரு கிண்ணம் புளிக்கூட்டு இருந்தது.

மறுநாள் காலையில் பலகையடியில் மூன்று மோட்டார்! இரண்டு எப்போது வந்தன என்று யாரும் பார்க்கவில்லை. மாலையில் நாலாவதும் வந்தது. முத்துகிருஷ்ணன் அங்கிளுடையது. அது பெரியது, தூக்க இரண்டு ஆள் வேண்டும், ஒளித்துக்கொண்டு வர முடியாது. "சர்வீஸ் பண்ணக் கொண்டு வந்தேன்" என்றார். சந்தே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புதுச் செயலாளர் தேர்தல். எங்கள் கல்லூரியில் மாணவர் தேர்தலுக்கு நடத்துவது போல ரகசிய வாக்கு வைக்கலாமா என்று இந்த முறை ஆண்டியிடம் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் கூட்டத்தில் சொன்னேன். எல்லோருக்கும் ஒரே எழுத்துப் படிக்க வராது. அதனால் ஆளுக்கொரு நிறம், பெயருக்குப் பதில் சீட்டில் நிறக் கோடு. சொர்ணம்மாவுக்குப் பச்சை, முத்துகிருஷ்ணன் அங்கிளுக்குச் சிவப்பு. மலையாளி வீட்டார் உன் அப்பாவின் பெயரையும் சொன்னார்கள், அவருக்கு நீலம். பச்சை இருபத்தொன்று, சிவப்பு ஐந்து, நீலம் நான்கு. "நானே பச்சைதான் போட்டேன்" என்றார் அங்கிள், யாரும் கேட்காமலேயே. "நானும்தான்" என்றார் ஆண்டி. அங்கிள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சொர்ணம்மாவின் முதல் உத்தரவு: தண்ணீர் திறந்து முதல் இருபது நிமிஷம் கீழே யாரும் குழாயைத் தொடக்கூடாது. மேட்டிலுள்ள ஐந்து வீட்டுக்கு ஏறட்டும். பிறகு கீழே.

இன்று காலைதான் முதல் தடவை. ஐந்து மணிக்கே சந்து முழுக்க வாசலில் நின்றது. ஒவ்வொரு குழாயும் மூடியிருக்கிறதா என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டோம். ஐந்து பத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள், ஐந்து இருபது ஆயிற்று. "ஆயா க்யா?" வந்ததா என்று கீழிருந்து ஒருவர் கத்தினார். "நஹீ!" என்று மேலேயிருந்து பதில். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர், "ஏறாது, எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அங்கிள் ரோட்டுக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "ஓடுதும்மா. உள்ளே ஓடுது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஆ கயா! ஆ கயா!"

சொர்ணம்மாவின் குரல். வந்துவிட்டது, வந்துவிட்டது என்று. கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவர்கள் வீட்டுக்கு இன்னும் வந்திருக்கவில்லை, வைஜெயந்தி. இருந்தும் தட்டினார்கள்.

தண்ணீர் திறந்து சரியாக இருபது நிமிஷம் ஆனதும் மேலேயிருந்து செயலாளரின் உத்தரவு வந்தது. "நீச்சே வாலே, அப் கோலோ!" கீழே உள்ளவர்கள் திறக்கலாம். அங்கிள் உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தார். மோட்டார் இல்லாமல் தண்ணீர் மெல்லிய நூலாகத்தான் விழுந்தது. ஒரு குடம் நிறையவே வெகுநேரம் ஆயிற்று. அவர் முக்காலியை இழுத்துப் போட்டுக் குழாயருகிலேயே உட்கார்ந்துகொண்டு, என்னிடமும் ஆண்டியிடமும், சந்தில் போகிற வருகிற எல்லோரிடமும், "வருது, வருது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சுகிர்தா